பழைய ஷீட் கூரையும் பழைய வேலையும்: ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஒரு விவாத இழை

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி, 11 மே 2024

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன் அடுக்களைக் கூரையைப் பிரித்துத் தகர ஷீட் போடப் போகிறோம். இப்போது இருப்பது 1986-இல் அப்பா போட்ட ஆஸ்பெஸ்டாஸ். பெங்களூரில் இருக்கும் மகள், அதைத் தொட்டால் புற்றுநோய் வரும் என்று போனில் அழாத குறை. இத்தனை காலமும் அதன் கீழேதான் சமைத்தோம், சாப்பிட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய ஷீட்டை உடைத்துப் புரையிடத்து (வீட்டு வளாகத்து) பாதையில் போட்டால் மழையில் சேறாகாது என்கிறார் கொத்தனார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்தாமல்.

11 மே, இரவு: என் பதில் (இனி வருவதெல்லாம் நான் எழுதியவை)

பாதையில் போட வேண்டாம். கொத்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கோபம் என் மேல் இருக்கட்டும். உடைந்த துண்டுகளின் மேல் ஆளும் ஸ்கூட்டரும் ஏறி இறங்கினால் அது பொடியாகும், வெயில் காலத்தில் அந்தப் பொடி பறக்கும். சேறு எவ்வளவோ மேல்.

பிரிப்பதாக இருந்தால் கீழே நின்றபடி ஓஸ் வைத்து நன்றாக நனையுங்கள். போல்டை அறுக்கச் சொல்லுங்கள், ஷீட்டை அறுக்க விடாதீர்கள். முழு ஷீட்டாகக் கைமாற்றி இறக்க வேண்டும், மேலிருந்து எறியக் கூடாது. தோளில் கிடக்கும் துவர்த்தை (துண்டை) மூக்கில் கட்டிக்கொள்வதால் பயன் இல்லை, இந்தத் தூசிக்கு என்95-உம் போதாது, பி100 வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். முடிந்ததும் விளக்குமாறு எடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டி எறிந்துவிடுங்கள். அன்று உடுத்த துணியை வீட்டுத் துணியோடு சேர்க்க வேண்டாம். இறக்கிய ஷீட்டுகளை பாலித்தீனில் சுற்றி, யாரும் மிதிக்காத மூலையில் அடுக்கி வையுங்கள்.

இன்னொன்று. நனைந்த ஷீட் வழுக்கும், பழைய ஷீட் ஆளைத் தாங்காது. பலகை போடாமல் ஒருவரும் மேலே ஏறக் கூடாது. முப்பது வருடம் கழித்து வரும் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டே இன்றைக்கு ஓர் ஆளைக் கூரையிலிருந்து விழவைத்துவிடக் கூடாது.

12 மே

காலையில் எழுந்து யோசித்ததில், நேற்று எழுதியது மகளின் கட்சிக்கு முழு வெற்றி கொடுத்ததுபோல ஆகிவிட்டதோ என்று தோன்றியது. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். உடையாத, துளை போடாத ஷீட்டின் கீழே குடும்பம் நடத்தியதற்காக யாரும் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஷீட்டில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்குதான் ஆஸ்பெஸ்டாஸ் நார், மீதி சிமெண்டும் சாம்பலும். சிமெண்ட் அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கும் வரை அது காற்றில் வராது. வெட்டும்போது, துளையிடும்போது, உடைக்கும்போது, பல வருட வெயிலிலும் மழையிலும் மேல்தோல் உதிரும்போதுதான் வரும். கண்ணுக்குத் தெரியாத ஊசி நார். நுரையீரலுக்குள் போனது கரையாது, போன வழியே திரும்பவும் வராது.

ஆக, கேள்வி கேட்டவரைவிட, ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அறுக்கும் கையாள் பையனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவன் ஒரு வீட்டில் அறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் அல்ல. நாளை தக்கலையில், மறுநாள் திங்கள்சந்தையில் அறுப்பான். ஷீட் வைத்திருப்பவர்கள் பயப்படுகிறார்கள். அறுப்பவனுக்கு அது பயப்பட வேண்டிய பொருள் என்றே தெரியாது.

12 மே, மாலை

ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீலம்தான் விஷம், வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் பாதுகாப்பானது என்று கடையில் சொன்னார்கள்."

கடையில் வேறு என்ன சொல்வார்கள்? நீலம், பழுப்பு, வெள்ளை மூன்றும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. புகையிலையும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. பிரிட்டன் 1999-இல் வெள்ளையையும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005-இல் நின்றது. தோண்டி விற்றுக்கொண்டிருந்த கனடாவே 2018-இல் தடை போட்டது. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் வெள்ளைக்கும் தடை அறிவித்தது. நாம்? நம் நாட்டில் தோண்டுவதை நிறுத்திவிட்டு ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் இறக்குமதி செய்கிறோம். தோண்டினால் ஆபத்து, வாங்கினால் இல்லை என்பது போல.

14 மே

ஓகிப் புயலை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? 2017 நவம்பர் 30. ரப்பர் மரங்கள் விழுந்ததைத்தான் பேசுகிறோம். அன்று இந்த மாவட்டத்தில் உடைந்த ஷீட்டுக்குக் கணக்கு உண்டா? எங்கள் தெருவில் ஒரு வாரம் கரண்ட் இல்லாத இருட்டில் அதை அள்ளினோம். பெண்கள் விளக்குமாற்றால் கூட்டினார்கள், பிள்ளைகள் துண்டுகளை வைத்துத் தரையில் கோடு கிழித்து விளையாடின. அரசு அலுவலர்கள் வந்தார்கள், எத்தனை மரம், எத்தனை வாழை என்று எழுதினார்கள். ஷீட்டை நனைத்து அள்ளுங்கள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. வந்திருந்தால் நாங்கள் சிரித்திருப்போம் என்பதும் உண்மை.

15 மே

"உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை?" என்று ஒருவர். நியாயமான கேள்வி.

நான் ஒரு பஸ் நிறுவனத்தின் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். நிறுவனத்தின் பெயர் எதற்கு, அந்தக் காலத்தில் எல்லாப் பணிமனையும் ஒன்றுதான். பஸ்ஸின் பிரேக் லைனிங் ஆஸ்பெஸ்டாஸ், கிளட்ச் தட்டும் அதுதான். டிரம்மைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருக்கும். அதைத் துடைக்க நேரம் ஏது? ஏர் ஓஸை எடுத்து வைத்து ஒரு அழுத்து. புஸ்ஸென்று ஒரு மேகம் எழும், ஆள் ஒரு நிமிடம் தெரியமாட்டான். பிறகு புருவமும் காது மடலும் நரைத்து வெளியே வருவான், மற்றவர்கள் "வாங்க பாட்டா (தாத்தா)" என்று கூப்பிடுவோம். புது லைனிங் ரிவெட் அடித்ததும் டிரம்முக்குப் பொருந்த அரத்தால் ராவ வேண்டும், அப்போது வரும் பொடி இன்னும் மென்மை. பத்து மணிச் சாயா வந்தால் கிளாஸை லைனிங் அட்டைப்பெட்டியின் மேல்தான் வைப்போம். சாயாவின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கும், அதை ஊதிவிட்டுக் குடிப்போம்.

அந்தச் சட்டையைத் துவைத்தது என் மனைவி. துவைக்கும் முன் உதறுவாள். பணிமனைக்குள் கால் வைக்காமலேயே கணவன் சட்டையிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் நோயை வாங்கிக்கொண்ட பெண்கள் உலகம் முழுக்க உண்டு என்று பின்னால் படித்தபோது அவளிடம் சொன்னேன். "துவைக்காமல் போட்டிருந்தால் ஊரே செத்திருக்கும்" என்றாள். இருவருமே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

15 மே, இரவு

கருப்பட்டியும் மிளகும் போட்டுச் சுக்குக் காப்பி குடித்தால் நெஞ்சில் உள்ள நார் கரைந்துவிடும் என்று எழுதிய அன்பருக்கு: காப்பியைக் குடியுங்கள், நல்லது. நார் கரையாது. நெருப்பையே தாங்கும் என்றுதானே அதை வாங்கினார்கள்.

17 மே

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது: "நம் மாவட்டத்துப் புற்றுநோய்க்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிர்வீச்சுள்ள மணல்தான் காரணம், ஷீட்டைச் சொல்லித் திசை திருப்பாதீர்கள்."

மணல் விவாதத்துக்குள் நான் இப்போது வரவில்லை, அதற்கு வேறு இழை உண்டு, அங்கே ஏற்கெனவே அடிதடி நடக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இதே மாதிரி மணல் இருக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2009-இல் ஆய்வு வெளியானது. அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. வேண்டுமானால் அதை மறுத்து வாதாடுங்கள். ஆனால் மீசோதீலியோமா என்று ஒரு புற்றுநோய் இருக்கிறது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வருவது, சில சமயம் வயிற்று உறையிலும். அது வந்த ஆளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஆஸ்பெஸ்டாஸ் எங்கே பட்டது என்பது. பீடி அதற்குக் காரணம் அல்ல. மண்ணைத் திட்டினால் யாருக்கும் வலிக்காது, ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. வேலை கொடுத்தவரைக் கேட்டால்தான் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார்.

19 மே

அண்ணன் கதையை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மைனியிடம் (அண்ணன் மனைவி) கேட்டேன். "பெயர் போடாமல் எழுதுங்கள், நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்றார்கள்.

பெரியப்பா மகன். 1978-இல் பம்பாய் போய், அங்கே ஓர் ஒப்பந்த நிறுவனம் ஆள் எடுத்து வளைகுடாவுக்கு அனுப்பியது. எண்ணெய் ஆலையில் இன்சுலேஷன் வேலை: நீராவிக் குழாய்களுக்கு மேல் நார்ப்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவது, பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது. 1989-இல் திரும்பி வந்தான், இரணியல் பக்கம் வீடு கட்டினான், மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தான். ஊரில் அவன் "சவுதிக்காரர்". என்ன வேலை பார்த்தான் என்று பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. கம்பெனி வேலை, அவ்வளவுதான்.

2019-இல் மூச்சு வாங்கத் தொடங்கியது. வலது பக்கம் நீர் கோத்திருக்கிறது என்று எடுத்தார்கள், மறுபடி கோத்தது. காசநோய் என்று ஆறு மாத மாத்திரை. சளியில் கிருமி ஒருபோதும் வரவில்லை. ஆனாலும் மாத்திரையை முடிக்கச் சொன்னார்கள். நான் மருத்துவர்களைக் குறை சொல்வதாக எடுக்க வேண்டாம். நெஞ்சில் நீர் என்றால் நம் நாட்டில் முதலில் காசத்தைத்தான் நினைப்பார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். காச நோயாளிகளுக்கென்று சானடோரியம் நடந்த ஆசாரிப்பள்ளம் இருக்கும் மாவட்டம் இது. நமக்கும் மார்பு நோய் என்றால் அது ஒன்றுதான் தெரியும். கடைசியில் திருவனந்தபுரத்தில் உறையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் மீசோதீலியோமா என்று பெயர் தெரிந்தது. அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர். "அப்பா, சின்ன வயதில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அதற்கு முன் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது பீடி உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா.

இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருப்பதில்லை. 2021-இல் போய்விட்டான். கொரோனா காலம், அடக்கத்துக்கு நான்கு பேர்தான்.

20 மே

நேற்றையதைப் படித்து ஆறுதல் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வளைகுடா இன்சுலேஷன் வேலைக்குப் போனவர்கள் தங்கள் வீட்டிலும் உண்டு என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அதுதான். அவர்கள் உயிரோடு இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஊர், யார் ஆள் எடுத்தது, என்ன பொருளைக் கையால் தொட்டார்கள், கூட வேலை பார்த்தவர்கள் யார். நோய் வந்த பின் கேட்டால் மூச்சு வாங்கும், பேச முடியாது. அண்ணனிடம் நாங்கள் பாதிதான் கேட்டோம்.

23 மே

நாகர்கோவிலிலிருந்து வழக்கறிஞர் ஒருவர், "1995-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, இழப்பீடு உறுதி" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். வரி சரி. அந்த உறுதியை வாங்க எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

1995 ஜனவரி 27. நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கு. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் நோயை உறுதிப்படுத்தினால் 1 லட்சம் ரூபாய்.

நல்ல தீர்ப்பு, சந்தேகமே இல்லை. 40 ஆண்டு என்று எழுதிய நீதிபதிகளுக்கு இந்த நோய் புரிந்திருக்கிறது. ஆனால் அது ஆலைக்குள் இருந்தவருக்கு. ஷீட் அறுக்கும் பையனுக்கும் லைனிங் ராவிய எனக்கும் யார் பதிவு வைத்தார்கள்? அகமதாபாத்துக்கு நாகர்கோவிலிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை காந்திதாம் எக்ஸ்பிரஸ் போகிறது; மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் ஒருவரை அதில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பாருங்கள். 1 லட்சம் என்பது 1995-இன் 1 லட்சம், அதையும் மறக்க வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸை அடியோடு தடை செய்யக் கேட்ட வேறொரு பொதுநல வழக்கு 2011-இல் தள்ளுபடி ஆனது.

24 மே

அப்படியானால் மற்றவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், 1923 (2025 நவம்பரில் இதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தது; இங்கே சொல்வதெல்லாம் அதுவரை இருந்த விதி). அதன் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸும் (ஆஸ்பெஸ்டாஸ் நாரால் நுரையீரல் தழும்பேறும் நோய்) இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இருக்கின்றன. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தவர்கள் அங்கேதான் கேட்க வேண்டும், இரண்டு இடத்திலும் கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு இழப்பீட்டு ஆணையர்.

தொகையைக் கேட்கிறீர்கள். 2020 முதல் கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். முழுமையான நிரந்தர ஊனம் என்றால் அதில் 60 சதவீதத்தை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 65-க்கு மேல் அந்த எண் 99.37. பெருக்கினால் 8,94,330 ரூபாய். இறந்துவிட்டால் 60-க்குப் பதில் 50 சதவீதம். இது உச்சம், எந்த ஆண்டுச் சம்பளத்தை எடுப்பது என்பதிலேயே எதிர்த்தரப்பு ஒரு வருடம் ஓட்டும். அடிமட்டம் ஊனத்துக்கு 1,40,000, மரணத்துக்கு 1,20,000. அதற்குக் கீழே போக முடியாது.

வெளிநாட்டில் வேலை பார்த்தவருக்கு இந்தச் சட்டம் செல்லுமா? இந்தியாவில் பதிவான நிறுவனம் ஆள் எடுத்து அனுப்பியிருந்தால் செல்லும், அந்தச் சட்டத்தில் தொழிலாளி என்பதற்கான விளக்கத்திலேயே இருக்கிறது. அண்ணன் விஷயத்தில் எங்கள் பிடி அதுதான். மனுவையும் பம்பாயில் போட வேண்டியதில்லை, மனுதாரர் குடியிருக்கும் பகுதியிலேயே போடலாம்.

24 மே, இரவு

இதில் எனக்கு இன்னும் ஆறாத இடம் ஒன்று. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு. வேலையை விட்டு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தால், தெரிந்த நாளையே விபத்து நடந்த நாளாகக் கொள்ளலாம் என்கிறது. இரண்டு ஆண்டு! உடலுக்குள் போய் 20, 30, 40 ஆண்டு கழித்து எட்டிப் பார்க்கும் நோய்க்கு. அதை எழுதியவர்கள் கை நசுங்குவதையும் ஈய விஷத்தையும் நினைத்து எழுதியிருப்பார்கள். இத்தனை திருத்தம் செய்தவர்கள் இந்த வரியை ஏன் விட்டார்கள்?

தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையர் ஏற்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. மைனியின் மனு அந்தக் கணக்குக்குள் போனதால் தப்பித்தது. ஆகவே யாரும் "காலம் கடந்துவிட்டது" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எழுதுவது ஆணையர் வேலை.

27 மே

குளச்சலிலிருந்து ஒரு தம்பி: "விசைப்படகு எஞ்சினில் புகைக் குழாயைச் சுற்றி வெள்ளைக் கயிறு கட்டுவோமே, அதுவுமா?"

பழைய கயிறு என்றால் பெரும்பாலும் அதுவும்தான், தம்பி. இப்போது கடையில் கண்ணாடி நார்க் கயிறு கிடைக்கிறது, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பழையதைக் கத்தியால் கீறிப் பிய்க்கும்போது நனைத்துவிட்டுப் பிய்யுங்கள். எஞ்சின் அறைக்குள் காற்றும் இல்லை, நீங்கள் குனிந்து முகத்தை அதில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள்.

தக்கலை ஆசிரியை ஒருவர் பள்ளி வேதியியல் ஆய்வகத்துக் கம்பி வலையை நினைவூட்டினார். நடுவில் வெள்ளையாக வட்டம் இருக்குமே, அதேதான். நான் பத்தாம் வகுப்பில் அதை நகத்தால் சுரண்டியிருக்கிறேன். யார்தான் சுரண்டவில்லை?

30 மே

மருத்துவர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஒரு காலை நேரத்தில் நூறு நோயாளிகளைப் பார்ப்பவரிடம், முப்பது ஆண்டு வேலை வரலாறு கேள் என்றால் எப்படி என்கிறார்.

ஐயா, கோபம் புரிகிறது. எல்லோரிடமும் கேட்க வேண்டாம். மருந்துக்கு அடங்காத நெஞ்சு நீர், கிருமி காட்டாத காசம், அடி நுரையீரலில் நரநரவென்ற ஒலி, விரல் நுனி உருண்டு தடித்திருப்பது. இவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி. இன்னொன்றும் உங்களுக்கே தெரிந்திருக்கும்: தொழிற்சாலைச் சட்டத்தின் (2025 நவம்பர் வரை அமலில் இருந்தது) 89-ஆம் பிரிவுப்படி, தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று தெரிந்தால் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும். எழுதாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய் வரை. அந்த அபராதத்தைக் கட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை, எழுதியவரையும் பார்த்ததில்லை. நீங்கள் எழுதாததால் கணக்கில் நோயாளி இல்லை. கணக்கில் நோயாளி இல்லாததால், நோயே இல்லை என்று இறக்குமதி செய்பவர்கள் பேசுகிறார்கள்.

ராஜஸ்தானில் கல்குவாரித் தொழிலாளிகள் தெருவில் இறங்கிக் கத்திக் கத்தி 2019-இல் சிலிக்கோசிஸுக்கென்று (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்) ஓர் அரசுக் கொள்கையே வாங்கினார்கள். சான்று கிடைத்தால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அங்கே தூசி நோயைச் சொல்ல ஒரு கூட்டம் இருந்தது. நாம் ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாக இருமுகிறோம்.

3 ஜூன்

மைனியின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு: நடக்கிறது. போன விசாரணையில் நிறுவனத்து வழக்கறிஞர் இரண்டு கேள்வி கேட்டார். உங்கள் கணவர் பீடி குடிப்பாரா? ஊர் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டிருந்தீர்களா?

முதல் கேள்விக்கு மைனி ஆம் என்றார்கள், உண்மை அதுதான். மீசோதீலியோமாவுக்கும் பீடிக்கும் சம்பந்தம் இல்லை என்பதை எங்கள் வழக்கறிஞர் மருத்துவச் சான்றோடு பதிவு செய்தார். நுரையீரல் புற்றுநோய் என்றால் கதை வேறு, அங்கே புகையும் நாரும் ஒன்றையொன்று பெருக்கும். அதற்காக வேலை கொடுத்தவரின் பங்கு இல்லாமல் போகாது. இரண்டாம் கேள்வியைக் கவனியுங்கள். கூரை ஷீட் ஆபத்தே இல்லை என்று ஊரெல்லாம் விற்பார்கள். இழப்பீடு என்று வந்ததும் நோய்க்குக் காரணம் கூரை என்பார்கள். மைனி, "எங்களுக்கு ஓட்டு வீடு, ஐயா" என்றார்கள். அங்கே எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் தலையைக் குனிந்து சிரித்தார்.

ஆதாரமாக நாங்கள் கொடுத்தது: பாஸ்போர்ட்டில் விசா பக்கம், ஆலை நுழைவுச் சீட்டு ஒன்று (பெட்டிக்குள் ஜெபப் புத்தகத்தில் மடித்து வைத்திருந்தான்), அவன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், கூட வேலை பார்த்த களியக்காவிளைக்காரர் ஒருவரின் வாக்குமூலம். 1981 கடிதம் ஒன்றில், "இங்கே வெள்ளைப் பொடி வேலை, சாயங்காலம் குளித்தாலும் போகாது, ஆனால் ஓவர்டைம் உண்டு" என்று இருக்கிறது. அந்த ஒரு வரியைத்தான் எங்கள் வழக்கறிஞர் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். பழைய கடிதங்களை எரித்துவிடாதீர்கள்.

4 ஜூன்

அருமனையிலிருந்து எழுதிய சகோதரிக்கு. கணவருக்கு நுரையீரல் சுருங்கியிருக்கிறது, டிஸ்சார்ஜ் தாளில் தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், அது பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பரவாயில்லை என்று விடக் கூடாது. சொல்லும்போது நீங்களே "கூலி" என்றுதான் சொல்லியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை ஷீட் ஆலையில் மூட்டை பிரித்தார், எந்த ஊர், முகக்கவசம் தந்தார்களா. அதை மருத்துவரிடம் கொடுத்து, கேஸ் ஷீட்டிலேயே குறித்துத் தரும்படி கேளுங்கள். சி.டி. படத்தையும் அறிக்கையையும் சேர்த்தே வாங்கி வையுங்கள், மூச்சுத் திறன் பரிசோதனைத் தாளும் வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டையோ பி.எஃப். சீட்டோ பழசாக இருந்தாலும் தேடுங்கள். ஆலை கைமாறியிருந்தால் கவலைப்படாதீர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தால் பொறுப்பை அவர்களுக்குள் பங்கிட்டுக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தாள்கள் கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், நாகர்கோவில் வழக்கறிஞரும் படிக்கிறார், இம்முறை ஒரே வரியில் முடிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.